ஸ்வாட் (சாம்பா வலைவழி நிர்வாகக் கருவி)

ஸ்வாட் என்பது சாம்பா என்னும் கோப்புப் பகிர்வு வழங்கியை இணைய உலாவியின் வழியாக நிர்வகிக்க உதவிய ஒரு மென்பொருள் கருவி ஆகும். 'சாம்பா வெப் அட்மினிஸ்ட்ரேஷன் டூல்' என்னும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. 1999 ஜனவரியில் வெளிவந்த சாம்பா 2.0 பதிப்பில் இது முதன்முதலாக இடம்பெற்றது. 2013 அக்டோபரில் வெளிவந்த சாம்பா 4.1 பதிப்பில் இது முற்றிலும் நீக்கப்பட்டது.

கட்டளை வரிகளை அறியாதவர்களும் ஒரு கோப்பு வழங்கியை அமைத்துக்கொள்ள ஸ்வாட் வழிசெய்தது. அதே வேளையில், கணினியின் முழு அதிகாரத்தையும் ஓர் உலாவிப் பக்கத்தின் வழியே திறந்துவிடுவதில் உள்ள ஆபத்துகளுக்கும் இது ஓர் எடுத்துக்காட்டாக அமைந்தது. ஆகவே இதன் தோற்றமும் நீக்கமும் கணினி நிர்வாகம் பயில்வோர் அறிந்துகொள்ள வேண்டியவை.

பின்புலம்

ஓர் அலுவலகத்தில் பத்துக் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் தட்டச்சு செய்த கடிதத்தை இன்னொருவர் திறந்து பார்க்க வேண்டும்; எல்லாரும் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் கோப்பை வட்டிலோ பென்டிரைவிலோ எடுத்துச் செல்வதற்குப் பதிலாக, கோப்புகளை ஒரு பொதுக் கணினியில் வைத்து, மற்றக் கணினிகள் வலையமைப்பின் வழியே அவற்றை அடையுமாறு செய்யலாம். அந்தப் பொதுக் கணினியே கோப்பு வழங்கி (ஃபைல் சர்வர்) எனப்படும்.

விண்டோஸ் கணினிகள் இந்தப் பகிர்வுக்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்பது இதன் விரிவு. 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாம் இதனை வடிவமைத்தார். பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை எடுத்துக்கொண்டு விரிவாக்கியது. யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளுக்கோ இந்த 'மொழி' இயல்பாகத் தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்பிய மென்பொருளே சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதனை எழுதத் தொடங்கினார். டாஸ் இயங்குதளம் கொண்ட தம் கணினியை யூனிக்ஸ் கணினியுடன் இணைப்பதே அவருடைய தேவை. கம்பியில் ஓடும் தரவுப் பொட்டலங்களைக் கவனித்து, அவற்றிலிருந்து நெறிமுறையைத் தாமே ஊகித்தறிந்து, ஒரு வழங்கி நிரலை எழுதினார். அதன் முதல் வடிவம் 1992 ஜனவரியில் வெளியிடப்பட்டது.

அவர் வைத்திருந்த பழைய பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால் புதுப்பெயர் தேவைப்பட்டது. எஸ், எம், பி ஆகிய மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களை யூனிக்ஸின் அகராதிக் கோப்பில் தேடியபோது கிடைத்த சொற்களுள் ஒன்று, பிரேசில் நாட்டு நடனத்தின் பெயரான 'சாம்பா'. அதுவே நிலைத்தது.

அமைவுக் கோப்பும் அதன் சிக்கலும்

சாம்பாவின் நடத்தை முழுவதும் 'எஸ்.எம்.பி.கான்ஃப்' என்னும் ஒரே அமைவுக் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். இது சாதாரண உரைக்கோப்புதான். எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து எழுதலாம். கோப்பு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியின் பெயரும் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். 'குளோபல்' என்னும் பகுதியில் வழங்கி முழுவதற்கும் பொதுவான அமைவுகள் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு பகிர்வுக்கும் ஒரு பகுதி வரும். பகுதிக்குள் ஒவ்வொரு வரியும் 'பெயர் = மதிப்பு' என்ற வடிவில் அமையும். 

வடிவம் எளிது. ஆனால் எழுதத்தக்க அமைவுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒரு பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தால் அந்த வரி பயனற்றுப் போகும். 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும்) என்பதற்கு 'ஆம்' என்று எழுதுவதற்குப் பதில் 'இல்லை' என்று எழுதிவிட்டால், படிப்பதற்காக மட்டும் வைத்த கோப்பை யாரும் திருத்திவிட முடியும். எந்த அமைவு எந்தப் பகுதியில் வரலாம், எழுதாமல் விட்டால் அதன் இயல்பு மதிப்பு என்ன என்பவற்றையெல்லாம் நீண்ட கையேட்டுப் பக்கங்களைப் புரட்டித்தான் அறிய வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் கணினிகள் சிறு அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் பரவின. விண்டோஸில் சுட்டியைச் சொடுக்கியே ஓர் அடைவைப் பகிர்ந்து பழகியவர்களுக்கு, உரைக்கோப்பை வரிவரியாக எழுதும் முறை பெருந்தடையாக இருந்தது. ஸ்வாட் இத்தடையை நீக்கும் நோக்குடன் உருவானது.

தோற்றம்

ஸ்வாட்டின் மூலநிரல் சி மொழியில் எழுதப்பட்டது. மூலநிரலின் தலைப்பில் 1997 முதல் 2002 வரையான ஆண்டுகளுக்கு ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லின் பதிப்புரிமையும், 2002ஆம் ஆண்டுக்கு ஜான் டெர்ப்ஸ்ட்ராவின் பதிப்புரிமையும் குறிக்கப்பட்டுள்ளன. 

தனியே ஒரு வரைகலைச் செயலியை எழுதாமல் உலாவியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிவான பயன் உண்டு. வழங்கியாக இயங்கும் லினக்ஸ் கணினியில் பெரும்பாலும் வரைகலைத் திரை இருக்காது. ஆனால் நிர்வாகியின் மேசையிலுள்ள கணினி எதுவாக இருந்தாலும் அதில் ஓர் உலாவி இருக்கும். எனவே உலாவியில் திறக்கும் பக்கமாகக் கருவியை அமைத்தால், எந்தக் கணினியிலிருந்தும் அதனைப் பயன்படுத்தலாம்.

உலாவி எந்த மொழியை விரும்புகிறது என்று அனுப்பும் குறிப்பைப் படித்து, மொழிபெயர்ப்பு இருக்குமானால் அந்த மொழியிலேயே பக்கங்களைக் காட்டும் வசதியும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இயங்கும் முறை

ஸ்வாட் எப்போதும் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அன்று. தேவைப்படும்போது மட்டும் அது எழுப்பப்படும். இதற்கு 'இனெட்டி' அல்லது 'எக்ஸ்-இனெட்டி' எனப்படும் யூனிக்ஸ் காவல் நிரல் பயன்பட்டது. அந்நிரல் 901 என்னும் டி.சி.பி. போர்ட் எண்ணில் காத்திருக்கும். உலாவியிலிருந்து வேண்டுகோள் வந்ததும் ஸ்வாட்டை எழுப்பி அதனிடம் ஒப்படைக்கும். பதில் அனுப்பியதும் ஸ்வாட் முடிந்துவிடும்.

நிர்வாகி தம் உலாவியின் முகவரிப் பட்டையில் கணினியின் பெயரையும் 901 என்ற எண்ணையும் எழுதினால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பெட்டி தோன்றும். இங்கே கேட்கப்படுவது ஸ்வாட்டுக்கென்று தனியே உருவாக்கிய கடவுச்சொல் அன்று. அந்தக் கணினியிலேயே உள்ள பயனரின் கடவுச்சொல். அமைவுக் கோப்பைத் திருத்துவதற்குப் பொதுவாக 'ரூட்' பயனராகவே நுழைய வேண்டியிருந்தது. ரூட் என்பது யூனிக்ஸ் கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. அதன் கடவுச்சொல் கைக்கு வந்தால் கணினி முழுவதும் கைக்கு வந்ததாகப் பொருள்.

யார் நுழைகிறாரோ அவருக்குள்ள உரிமையைப் பொறுத்தே பக்கங்கள் காட்டப்பட்டன. அமைவுக் கோப்பில் எழுதும் உரிமை இல்லாத பயனருக்கு, அமைவுகளைத் திருத்தும் பக்கங்கள் தோன்றா. தம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும் பக்கம் எல்லாருக்கும் கிடைக்கும்.

பக்கங்கள்

ஸ்வாட்டின் மேற்புறத்தில் படச்சின்னங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத் திறக்கும்.

முகப்பு: சாம்பாவின் கையேட்டுப் பக்கங்களுக்கும் பிற ஆவணங்களுக்கும் இணைப்புகள் இங்கே இருந்தன.

பொது அமைவுகள்: பணிக்குழுவின் பெயர், வலையமைப்பில் வழங்கி தோன்ற வேண்டிய பெயர், பயனரைச் சரிபார்க்கும் முறை, எந்தெந்தக் கணினிகளை அனுமதிப்பது என்பன போன்ற வழங்கி முழுமைக்குமான அமைவுகள் இங்கே இடம்பெறும்.

பகிர்வுகள்: ஒரு பகிர்வைத் தேர்ந்தெடுத்துத் திருத்தவும், புதிதாக உருவாக்கவும், நீக்கவும் இப்பக்கம் உதவும்.

அச்சுப்பொறிகள்: வலையமைப்பில் பகிரப்படும் அச்சுப்பொறிகளுக்கும் இதே வசதிகள் தரப்பட்டன.

வழிகாட்டி: சாம்பா 3.0 வரிசையில் சேர்ந்த பக்கம். வழங்கி எந்தப் பணியைச் செய்ய வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதற்கேற்ற அடிப்படை அமைவுகளை எழுதித் தரும்.

நிலவரம்: சாம்பாவின் பின்னணி நிரல்கள் ஓடுகின்றனவா என்பதை இங்கே காணலாம், அவற்றைத் தொடங்கலாம், நிறுத்தலாம். யார் யார் இணைந்திருக்கிறார்கள், எந்தக் கோப்புகள் திறந்துள்ளன என்னும் பட்டியலும் இருக்கும். தேவையெனில் ஒருவரின் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும்.

பார்வை: இறுதியாக உருவான அமைவுக் கோப்பை அப்படியே காட்டும்.

கடவுச்சொல்: சாம்பாப் பயனர்களைச் சேர்த்தல், நீக்குதல், தற்காலிகமாக முடக்குதல், கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகியவை இங்கே நடக்கும்.

பொது அமைவுகள், பகிர்வுகள், அச்சுப்பொறிகள் ஆகிய மூன்று பக்கங்களிலும் அடிப்படைத் தோற்றம், விரிவான தோற்றம் என இரண்டு நிலைகள் இருந்தன. முதலாவதில் அடிக்கடி தேவைப்படும் சில அமைவுகள் மட்டும் தோன்றும். இரண்டாவதில் ஏறத்தாழ அனைத்தும் தோன்றும். ஒவ்வோர் அமைவின் பக்கத்திலும் 'உதவி' என்னும் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் கையேட்டில் அந்த அமைவை விளக்கும் இடம் நேராகத் திறக்கும். ஸ்வாட்டின் மிகச் சிறந்த கூறு இதுவே எனலாம். சாம்பாவைக் கற்கத் தொடங்கியவர் ஒவ்வோர் அமைவாக விளக்கத்தைப் படித்து, மதிப்பை மாற்றி, பார்வைப் பக்கத்தில் அது எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க முடிந்தது.

ஒரு பகிர்வை உருவாக்கும் முறை

ஒரு பள்ளி அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை எல்லா ஆசிரியர்களும் படிக்கலாம், ஆனால் திருத்தக்கூடாது என்ற ஏற்பாடு வேண்டும் எனக் கொள்வோம். ஸ்வாட்டில் அதனைச் செய்யும் படிகள் பின்வருமாறு:

1. பகிர்வுகள் பக்கத்தைத் திறந்து, புதிய பகிர்வுக்கான கட்டத்தில் 'சுற்றறிக்கை' என்று பொருள்படும் ஒரு பெயரைத் தட்டச்சு செய்து, உருவாக்கும் பொத்தானை அழுத்த வேண்டும்.

2. தோன்றும் படிவத்தில் 'பாத்' என்னும் கட்டத்தில், கோப்புகள் உள்ள அடைவின் முழு முகவரியை எழுத வேண்டும்.

3. 'ரீட் ஒன்லி' என்பதற்கு 'ஆம்' எனத் தேர்ந்தெடுக்க வேண்டும். 

4. 'கெஸ்ட் ஓகே' (விருந்தினர் அனுமதி) என்பதற்கு 'இல்லை' எனத் தேர்ந்தெடுத்தால், கணக்கு உள்ளவர்கள் மட்டுமே நுழைய முடியும்.

5. 'ஹோஸ்ட்ஸ் அலோ' என்னும் கட்டத்தில் அலுவலக வலையமைப்பின் முகவரிகளை மட்டும் எழுதினால், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் மறுக்கப்படும்.

6. மாற்றங்களைப் பதியும் பொத்தானை அழுத்தினால் அமைவுக் கோப்பு எழுதப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும் சாம்பா தன் அமைவுக் கோப்பைக் குறிப்பிட்ட இடைவெளியில் தானே மீண்டும் படித்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே பெரும்பாலான மாற்றங்களுக்கு வழங்கியை நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாம்பா அனுமதித்தால் மட்டும் போதாது. அடியிலுள்ள யூனிக்ஸ் அடைவின் உரிமைகளும் அனுமதிக்க வேண்டும். இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ஸ்வாட்டில் எல்லாவற்றையும் சரியாக நிரப்பிய பின்னும் கோப்பு திறக்கவில்லை என்றால், அதற்கு அடைவின் உரிமைகள் காரணமாக இருக்கலாம். ஸ்வாட் அந்த உரிமைகளை மாற்றித் தராது.

குறிப்பு வரிகளின் இழப்பு

அனுபவமுள்ள நிர்வாகிகள் ஸ்வாட்டைத் தவிர்த்ததற்கு முதன்மையான காரணம் ஒன்று உண்டு. ஸ்வாட் அமைவுக் கோப்பைத் திருத்துவதில்லை. முழுவதையும் புதிதாக எழுதுகிறது. அவ்வாறு எழுதும்போது அமைவுகளின் வரிசையை மாற்றிவிடும். நிர்வாகி எழுதிவைத்த குறிப்பு வரிகளை அழித்துவிடும். வேறொரு கோப்பை உள்ளே சேர்க்கும் 'இன்க்ளூட்' வரிகளையும், ஒரு பகிர்வின் அமைவைப் பிறிதொன்றுக்கு நகலெடுக்கும் 'காப்பி' வரிகளையும் விட்டுவிடும். ஸ்வாட்டின் கையேட்டுப் பக்கமே இதனை எச்சரிக்கையாகக் குறிப்பிட்டிருந்தது.

குறிப்பு வரி என்பது கணினிக்குத் தேவையற்றது; மனிதருக்குத் தேவையானது. இந்தப் பகிர்வு ஏன் குறிப்பிட்ட இரண்டு பேருக்கு மட்டும் திறந்திருக்கிறது, இந்த வரியை ஏன் மாற்றக்கூடாது என்பதையெல்லாம் முன்பு பணியாற்றியவர் அங்கேதான் எழுதிவைத்திருப்பார். புதிதாகப் பொறுப்பேற்றவர் ஒரே ஒரு மதிப்பை மாற்ற ஸ்வாட்டைத் திறந்து பதிவு செய்தால், அத்தனை விளக்கங்களும் ஒரு சொடுக்கில் மறைந்துவிடும். வழங்கி முன்போலவே ஓடும். ஆகையால் இழப்பு உடனே கண்ணில் படாது.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல பழக்கம் சாம்பா ஆவணங்களில் பரிந்துரைக்கப்பட்டது. குறிப்புகளுடன் கூடிய முழுக்கோப்பை 'முதன்மைப் படி'யாகத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். 'டெஸ்ட்பார்ம்' என்னும் கட்டளை அந்தப் படியைச் சரிபார்த்து, குறிப்புகள் நீங்கிய சுருக்கமான கோப்பை உருவாக்கித் தரும். சாம்பா அந்தச் சுருக்கக் கோப்பைப் பயன்படுத்தும். அவ்வாறு செய்தால், இயங்கும் கோப்பும் சிறிதாக இருக்கும். விளக்கங்களும் அழியாமல் இருக்கும்.

பாதுகாப்புச் சிக்கல்கள்

ஸ்வாட்டின் அடிப்படை வடிவமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. உலாவிக்கும் ஸ்வாட்டுக்கும் இடையிலான உரையாடல் மறையாக்கம் செய்யப்படாத எச்.டி.டி.பி. வழியே நடந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுடனும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் 'பேஸ்-64' என்னும் எழுத்து மாற்றத்தில் அனுப்பப்பட்டன. பேஸ்-64 என்பது பூட்டு அன்று. யார் வேண்டுமானாலும் திருப்பி வாசிக்கத்தக்க எழுத்துமுறை மட்டுமே. ரூட் கடவுச்சொல்லை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவதற்கு இது ஒப்பாகும். வழியில் வலையமைப்பைக் கவனிக்கும் எவரும் அதனைப் படித்துவிடலாம்.

இதனால் பல லினக்ஸ் வழங்கல்கள் ஸ்வாட்டைத் தனிப் பொதியாகவே வைத்திருந்தன. ரெட் ஹேட் வகைக் கணினிகளில் நிறுவிய பின்னும் அது முடக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். இயக்கினாலும் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். வேறு கணினியிலிருந்து பயன்படுத்த விரும்புவோர் 'எஸ்டனல்' என்னும் மறையாக்க நிரலையோ எஸ்.எஸ்.எச். சுரங்க இணைப்பையோ இடையில் வைக்குமாறு அறிவுறுத்தப்பட்டனர்.

வடிவமைப்புக் குறை போக, நிரலில் இருந்த பிழைகளும் அவ்வப்போது வெளிவந்தன.

2000ஆம் ஆண்டில் சாம்பா 2.0.7 பதிப்பின் ஸ்வாட்டில் கண்டறியப்பட்ட குறைகளுள் ஒன்று, தவறான கடவுச்சொல் தரும்போது காட்டப்படும் பிழைச்செய்தியைப் பற்றியது. பயனர் பெயர் கணினியில் இருந்தால் ஒரு செய்தியும், இல்லாவிட்டால் வேறொரு செய்தியும் தோன்றின. எந்தப் பெயர்கள் உண்மையானவை என்பதை வெளியார் இதன்மூலம் அறிய முடிந்தது.

2004 ஜூலையில், பேஸ்-64 எழுத்துகளைத் திருப்பி வாசிக்கும் நிரற்பகுதியில் நினைவக எல்லை மீறல் பிழை கண்டறியப்பட்டது. 3.0.2 முதல் 3.0.4 வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டன. கடவுச்சொல் சரியா என்று பார்ப்பதற்கு முன்பே இப்பகுதி இயங்குவதால், கடவுச்சொல் தெரியாதவரும் இதனைத் தாக்க முடிந்தது. 3.0.5 பதிப்பில் இது திருத்தப்பட்டது.

2011 ஜூலையில் வெளியான 3.5.10 பதிப்பு வேறு இரண்டு குறைகளைத் திருத்தியது. ஒன்று, கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் பயனர் பெயருக்கான கட்டம் வழியே பிறருடைய நிரல்வரிகளைச் செருக முடிந்த குறை. மற்றொன்று, இதனினும் முக்கியமானது. 'குறுக்குத்தள வேண்டுகோள் மோசடி' என்னும் வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது குறையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். நிர்வாகி ஸ்வாட்டில் நுழைந்திருக்கிறார். அதே உலாவியில் வேறொரு சாளரத்தில் ஏதோ ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார். அந்தப் பக்கத்தில் மறைந்துள்ள ஒரு படிவம், ஸ்வாட்டின் முகவரிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புமாறு உலாவியைத் தூண்டுகிறது. உலாவியோ, ஸ்வாட்டுக்கு உரிய கடவுச்சொல்லைத் தானே சேர்த்து அனுப்பிவிடுகிறது. வந்த வேண்டுகோள் நிர்வாகி விரும்பி அனுப்பியதா, பிறர் தூண்டி அனுப்பியதா என்று பிரித்தறியும் வழி ஸ்வாட்டிடம் இல்லை. இதன் விளைவாகப் பின்னணி நிரல்களை நிறுத்தவும், பகிர்வுகளைச் சேர்க்கவோ நீக்கவோ செய்யவும், பயனர் கணக்குகளை உருவாக்கவும் தாக்குவோரால் முடிந்தது. அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கும் ஏற்பாடும் இதைத் தடுக்காது. ஏனெனில், வேண்டுகோள் உண்மையிலேயே நிர்வாகியின் உலாவியிலிருந்துதான் வருகிறது.

2013 ஜனவரி இறுதியில் மீண்டும் இதே வகைக் குறை ஒன்றும், 'சொடுக்குத் திருட்டு' என்னும் குறை ஒன்றும் திருத்தப்பட்டன. பின்னதில், ஸ்வாட் பக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாதவாறு வேறொரு பக்கத்தின்மேல் பொருத்திவைத்து, நிர்வாகியை அறியாமலே பொத்தானை அழுத்தச் செய்ய முடிந்தது. 4.0.2, 3.6.12, 3.5.21 ஆகிய பதிப்புகள் இத்திருத்தங்களுடன் வெளிவந்தன.

நீக்கம்

1997ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கப்பட்ட காலத்தில், மேற்கூறிய உலாவித் தாக்குதல்களுள் பல அறியப்படாதவை. பின்னர் இணையம் வளர்ந்தது. உலாவியின் இயல்பும் தாக்குவோரின் திறமையும் மாறின. ஸ்வாட்டின் நிரலோ பெரிதாக மாறவில்லை. சாம்பாவை உருவாக்குவோர் கோப்பு முறைமைகளிலும் வலையமைப்பு நெறிமுறைகளிலும் தேர்ந்தவர்கள். வலைப்பக்கப் பாதுகாப்பு என்பது வேறொரு துறை. ஸ்வாட்டைத் தொடர்ந்து பேணுவதற்கு அத்துறையில் ஈடுபாடுள்ளவர் தேவைப்பட்டார். அப்படி ஒருவர் அமையவில்லை.

மேலும், 2012 டிசம்பரில் வெளிவந்த சாம்பா 4.0 ஆக்டிவ் டைரக்டரி களக் கட்டுப்பாட்டு வழங்கியாகவும் இயங்கத் தொடங்கியிருந்தது. அதாவது, ஒரு நிறுவனத்தின் எல்லாப் பயனர் கணக்குகளையும் காக்கும் பொறுப்பு சாம்பாவிடம் வரலாயிற்று. அத்தகைய கணினியில் ரூட் அதிகாரத்துடன் இயங்கும் ஒரு பேணப்படாத வலைப்பக்கத்தை வைத்திருப்பது பொருத்தமற்றது.

எனவே 2013 அக்டோபரில் வெளிவந்த சாம்பா 4.1 பதிப்பில் ஸ்வாட் நீக்கப்பட்டது. பயனர்களுக்குப் பயன்பட்ட ஒன்றை நீக்குவது எளிய முடிவன்று. ஆயினும், காவலாளி இல்லாத வாசலைத் திறந்து வைப்பதைவிட அதனை அடைத்துவிடுவதே மேல் என்னும் நிலைப்பாடு இங்கே மேற்கொள்ளப்பட்டது. ஸ்வாட் அமைவுக் கோப்பை எழுதும் கருவி மட்டுமே. கோப்புகளை வழங்குவது அதன் வேலை அன்று. ஆகையால் அது நீக்கப்பட்டதால், அதன்மூலம் முன்பு உருவாக்கிய பகிர்வுகள் எவையும் பாதிக்கப்படவில்லை.

பிற கருவிகள்

ஸ்வாட்டுக்குப் பின் உலாவிவழி நிர்வாகத்தின் தேவை மறைந்துவிடவில்லை. அதனை வேறு திட்டங்கள் நிறைவேற்றுகின்றன.

வெப்மின்: ஜேமி கேமரன் 1997இல் வெளியிட்ட கருவி. பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. கணினி முழுவதையும் நிர்வகிக்கும் இக்கருவியில் சாம்பாவுக்கும் ஒரு பகுதி உண்டு. 10000 என்னும் போர்ட் எண்ணில் இயங்கும்.

காக்பிட்: ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆதரவுடன் வளர்ந்த கருவி. 9090 என்னும் போர்ட் எண்ணில் இயங்கும். கோப்புப் பகிர்வுக்குத் தனியே ஒரு செருகுநிரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ்: இவை தனிக் கருவிகள் அல்ல, சேமிப்பக வழங்கிக்கென்றே அமைந்த முழு இயங்குதளங்கள். உலாவிவழி நிர்வாகப் பக்கமும் சாம்பாவும் இவற்றில் சேர்ந்தே வருகின்றன.

இவையும் ஆபத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. 2019 ஆகஸ்டில், வெப்மினின் கடவுச்சொல் மாற்றும் பகுதியில் விஷமிகள் இரகசியமாகச் செருகியிருந்த நிரல்வரிகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் அவை இருந்தன, 1.930 பதிப்பில் அகற்றப்பட்டன. ஆனால் வெப்மினைப் பேணுவோர் இருந்தமையால் திருத்திய பதிப்பு விரைவில் கிடைத்தது. பேணுவோர் உள்ள கருவிக்கும் இல்லாத கருவிக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய நேரத்தில்தான் புலப்படும்.

பழைய வழங்கிகளில் ஸ்வாட்

பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய லினக்ஸ் வழங்கிகள் சில இடங்களில் இன்றும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அவற்றில் ஸ்வாட் இருக்குமானால் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

முதலாவதாக, 901 என்னும் போர்ட் திறந்துள்ளதா என்று பார்த்து, திறந்திருந்தால் இனெட்டி அல்லது எக்ஸ்-இனெட்டி அமைவில் ஸ்வாட்டை முடக்கிவிட வேண்டும். இதனால் கோப்புப் பகிர்வு நின்றுவிடாது.

இரண்டாவதாக, அமைவுக் கோப்பின் ஒரு படியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். அக்கோப்பு ஸ்வாட்டால் எழுதப்பட்டதாக இருந்தால் அதில் விளக்கக் குறிப்புகள் இரா. பழைய பொறுப்பாளர் இருக்கும்போதே அவரிடம் கேட்டு, ஒவ்வொரு பகிர்வும் எதற்கானது என்பதை எழுதிவைப்பது நல்லது.

மூன்றாவதாக, புதிய சாம்பாப் பதிப்புக்கு மாறும்போது பழைய கோப்பை அப்படியே பயன்படுத்தாமல் டெஸ்ட்பார்ம் கட்டளையால் சரிபார்க்க வேண்டும். பழைய அமைவுகள் சில இப்போது வழக்கில் இல்லை. எடுத்துக்காட்டாக, பகிர்வுக்கு ஒரு கடவுச்சொல் என்னும் பழைய சரிபார்ப்பு முறை சாம்பா 4.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டது. 2019இல் வெளிவந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதல் பதிப்பு இயல்பாக முடக்கப்பட்டுள்ளது. ஆகவே மிகப் பழைய விண்டோஸ் கணினிகளும் பழைய ஸ்கேனர்களும் புதிய வழங்கியுடன் இணையாமல் போகலாம். மாற்றத்துக்கு முன்பே அவற்றைக் கணக்கெடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சில பகிர்வுகள் மட்டுமே உள்ள சிறு வழங்கிக்குத் தனி நிர்வாகக் கருவி தேவைப்படுவதில்லை. பத்து அல்லது பதினைந்து வரிகள் கொண்ட அமைவுக் கோப்பை உரைத்தொகுப்பியிலேயே எழுதி, டெஸ்ட்பார்ம் கட்டளையால் சரிபார்த்துக்கொள்ளலாம். ஸ்வாட் 'உதவி' இணைப்பின் வழியே காட்டிய விளக்கங்கள் சாம்பாவின் கையேட்டுப் பக்கத்தில் இன்றும் உள்ளன.